காரில் வராதவர்களுக்கு நான் போட்ட கார் கணக்கு

புதிதாக டவுன்ஷிப் வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்கெல்லாம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. இரண்டு பக்கமும் கத்தினால், நடுவில் ஒரு எண்ணைப் பிடித்து நிறுத்திவிட்டு, சமரசம் செய்துவிட்டோம் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறீர்கள். ஒருவர் பத்தடி வேலி கேட்டு, பக்கத்து வீட்டுக்காரர் நான்கடிக்கு மேல் கூடாது என்றால், ஆறடி. வேலிக்கு அது சரி. எல்லாவற்றுக்கும் அது சரி என்று நானும் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த உரிமையில்தான் திட்டுகிறேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளுங்கள், எனக்குப் பென்ஷன் வந்துகொண்டிருக்கிறது.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெயர் நாச்சிமுத்து, கரூர்ப் பக்கம். சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டு, மனைவி வசந்தாவின் ஐ.டி. வேலையைப் பிடித்துக்கொண்டு நியூ ஜெர்சிக்கு வந்தவன். கிரீன் கார்டு வரும்வரை வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் நம் ஊர் நகராட்சி மாதிரியான ஒரு டவுன்ஷிப் ஆபீசில் பர்மிட் கவுண்டரில் உட்கார்ந்தேன். வந்த முதல் வாரமே என் பெயரை ‘நாச்’ என்று வெட்டிவிட்டார்கள். கடைசிப் பன்னிரண்டு வருடம் அங்கேயே ஸோனிங் ஆபீசர். வீடு இருக்கும் தெருவில் வீடுதான் இருக்க வேண்டும், கடையோ கோயிலோ தொழிற்சாலையோ முளைத்தால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் வேலையின் சாரம். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். நம் ஆட்கள் நிறையப் பேர் வீடு வாங்கியிருக்கிற ஊர் என்பது போதும்.

கோவிட் முடிந்து இரண்டு வருடம் இருக்கும். சிவராமன் என்னைத் தேடி ஆபீசுக்கு வந்தார். மருந்துக் கம்பெனியில் மேனேஜர், நங்கநல்லூர்க்காரர், அருமையான குரல். மாதத்தின் முதல் சனிக்கிழமை எங்கள் வீட்டில் நடக்கும் பஜனையில் முதல் பாட்டு அவருடையதுதான். அன்றைக்குக் கையில் பாட்டு இல்லை, புகார் இருந்தது.

“நாச்சிமுத்து சார், எங்க ஆப்போசிட் வீட்ல சாட்டர்டே ஆனா ஒரே கூட்டம். ஜூயிஷ் ப்ரேயர். ரோடு ஃபுல்லா கார். எங்க டிரைவ்வேயை விட்டு வெளியவே வர முடியல. ரெசிடென்ஷியல் ஏரியால டெம்பிள் மாதிரி ரன் பண்ணலாமா? நீங்களே சொல்லுங்க.”

தெரிந்தவர், நம்ம ஆள், பொய் சொல்ல மாட்டார் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தத் தெருவுக்குப் போனேன். அவர் சொன்னது அத்தனையும் கண்ணுக்கு முன்னால் இருந்தது. தெருவின் இரண்டு பக்கமும் பதினோரு கார். எதிர் வீட்டு முன்னறையில் ஜன்னல் வழியாகப் பார்த்தால் மடக்கு நாற்காலிகள், தோளில் வெள்ளைச் சால்வை போட்ட ஆண்கள், ஏதோ ஒன்றைச் சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். பதிமூன்று பேர் எண்ணினேன். கதவைத் தட்டினேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒருவர் வந்தார். எழுபது வயது இருக்கும். பெர்க்மன் என்று பெயர் சொன்னார். பள்ளியில் கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

“ப்ரேயர் நடந்துக்கிட்டிருக்கு. திங்கக்கிழமை பேசலாமா?” என்று கேட்டார். அவர் பேசியது இங்கிலீஷில். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

அரசாங்க வேலையாக வந்தவனைத் திங்கட்கிழமை வா என்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. திங்கட்கிழமை வரை பொறுக்கவும் இல்லை. அங்கேயே காரில் உட்கார்ந்து ஃபார்மை நிரப்பினேன். ஆட்கள் பதிமூன்று, வாகனங்கள் பதினொன்று. ஆபீசுக்குப் போனதும், அனுமதி பெறாமல் வீட்டை வழிபாட்டிடமாக நடத்துகிறார், கூட்டத்தை உடனே நிறுத்த வேண்டும் என்று நோட்டீஸ் அனுப்பினேன். எண்கள் இரண்டும் சரியாகப் பொருந்தியதில் எனக்கு ஒரு திருப்தி வேறு.

யூதர்களில் ஆசாரமானவர்கள் சனிக்கிழமை கார் ஓட்ட மாட்டார்கள், காரில் ஏறவும் மாட்டார்கள். அமெரிக்காவில் இத்தனை வருடம் இருந்தவனுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். நன்றாகவே தெரியும். எங்கள் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் வீடு சேர வேண்டும் என்று மதியமே கிளம்பிப் போவதைப் பார்த்துக் கிண்டல்கூடச் செய்திருக்கிறேன். தெரிந்ததைத் தேவையான நேரத்தில் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைக்காவிட்டால், தெரிந்து என்ன பிரயோஜனம்? பதிமூன்று பேரைப் பார்த்தேன், பதினோரு காரைப் பார்த்தேன், கோடு போட்டு இணைத்துவிட்டேன்.

பெர்க்மன் சண்டை போடவில்லை. நோட்டீஸ் கிடைத்த வாரமே கூட்டத்தை நிறுத்திவிட்டார். நிறுத்தினாரா என்று சரிபார்க்க, ஒரு சனிக்கிழமை விட்டு அடுத்த சனிக்கிழமை மறுபடி போனேன். அவருடைய முன்னறை காலியாக இருந்தது. நாற்காலிகளை மடக்கிச் சுவரில் சாய்த்துவைத்திருந்தார்கள். தெருவில் பதினோரு காரும் அப்படியே நின்றன.

சிவராமன் வீட்டு பேஸ்மென்ட் ஜன்னலிலிருந்து சரளி வரிசை கேட்டது. அவர் மனைவி காயத்ரி சனிக்கிழமை காலை இரண்டு பேட்ச் பாட்டு வகுப்பு எடுப்பவர். ஒரு பேட்ச் முடிந்து குழந்தைகள் வெளியே ஓடிவந்தார்கள், காரில் காத்திருந்த அப்பாக்கள் போனை வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார்கள், அடுத்த பேட்ச் வந்து இறங்கியது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கத்தில் காது சூடானது இன்றும் நினைவிருக்கிறது.

இனிமேல் சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் தப்பு இங்கேதான் நடந்தது. கார்களை மாற்றி எண்ணியது அவசரம், யாருக்கும் வரும். உண்மை தெரிந்த அந்த நிமிடமே ஆபீசுக்குப் போய் நோட்டீசைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். அதற்கு எனக்கு அதிகாரம் இருந்தது. நான் செய்யவில்லை. திங்கட்கிழமை காலை, டவுன்ஷிப்பை நடத்தும் அட்மினிஸ்ட்ரேட்டரின் மேசையில் அறுபது பேர் கையெழுத்துப் போட்ட மனு கிடந்தது. ‘எங்கள் தெருவின் குணம் மாறக் கூடாது’ என்று அதில் எழுதியிருந்தது. அட்மினிஸ்ட்ரேட்டர் கெட்டிக்காரப் பெண்மணி, தேர்தல் நெருங்கினால் கவுன்சில்காரர்களின் முகத்தைப் பார்த்தே மழை வருமா வராதா என்று சொல்லிவிடுவார்.

“நாச், நல்ல வேளை நீ முன்னாடியே நோட்டீஸ் கொடுத்துட்ட” என்றார்.

அந்தப் பாராட்டு என் வாயை அடைத்துவிட்டது. கார் விஷயத்தைச் சொன்னால் நான் முட்டாள் என்று ஆகும். நோட்டீசை அப்படியே விட்டால் அநியாயம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தேன், நாம் எப்போதும் கண்டுபிடிப்போமே, அந்த வழி. கூட்டம் நடக்கட்டும், ஆனால் ஆள் கணக்குக்கு ஒரு வரம்பு. எத்தனை பேர்? நம் விதிப் புத்தகத்தில் எதற்கும் பார்க்கிங்கை வைத்துத்தானே ஆளைக் கணக்கிடுவோம். பெர்க்மனின் டிரைவ்வேயில் நான்கு கார் நிற்கும். ஒரு காருக்கு இரண்டு பேர். வெளியாட்கள் எட்டுப் பேருக்கு மேல் கூடாது. அட்மினிஸ்ட்ரேட்டருக்குப் பிடித்தது. டவுன்ஷிப் வக்கீலுக்கும் பிடித்தது. தெருக்காரர்களிடம் “பாதியாகக் குறைத்துவிட்டோம்” என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கு என் மூளையை நினைத்து எனக்கே பெருமை.

ஒப்பந்தத்தை நானே எடுத்துக்கொண்டு பெர்க்மன் வீட்டுக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பெர்க்மன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். விடைத்தாள் திருத்தியவர் அல்லவா, விரல் ஒவ்வொரு வரியாக நகர்ந்து எட்டு என்ற எண்ணில் வந்து நின்றது.

“எட்டு பேர், என்னையும் சேர்த்தா ஒன்பது.”

“ஆமாம். கிட்டத்தட்ட எல்லாரும் வரலாம்” என்றேன் உற்சாகமாக.

“ஒன்பது பேர்னா யாருமே வராத மாதிரிதான், மிஸ்டர் நாச்.”

அப்புறம் விளக்கினார். அவருடைய அம்மா தொண்ணூற்றாறு வயதில் காலமாகிவிட்டார். தாயோ தகப்பனோ போனால், பிள்ளை பதினொரு மாதம் தினமும் ஒரு பிரார்த்தனையை எழுந்து நின்று சொல்ல வேண்டும். அதைத் தனியாகச் சொல்ல முடியாது. பத்து ஆண்கள் கூடியிருக்க வேண்டும். ஒன்பது பேர் இருந்தால் உட்கார்ந்து காத்திருக்கலாம், வாயைத் திறக்க முடியாது. மற்ற நாட்களில் நண்பர் ஒருவர் அவரைக் காரில் ஜெப ஆலயத்துக்குக் கூட்டிப் போய்விடுவார். சனிக்கிழமை கார் கிடையாது. ஆலயம் இரண்டரை மைல். இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆகியிருந்தது, வாக்கரோடு தெரு முனைவரை போனாலே பெரிய காரியம். அதனால் அவர்கள் இவரைத் தேடி நடந்து வந்தார்கள். இரண்டு மூன்று பேர் வராமல் போனாலும் பத்து நிற்க வேண்டுமே என்று பதிமூன்று பேர் வந்தார்கள்.

“பத்துன்னா ஏன் பத்து?” என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி. பதினாறாம் நாள் காரியம் ஏன் பதினாறாம் நாள் என்று யாராவது என்னைக் கேட்டால் என்ன சொல்வேன்?

“ஏன்னு என் அம்மாவைக் கேட்டிருக்கணும்” என்று லேசாகச் சிரித்தார். “இந்த எட்டு எங்கேயிருந்து வந்தது? அதைச் சொல்லுங்க.”

டிரைவ்வேயில் நான்கு கார், காருக்கு இரண்டு பேர் என்று சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் குரல் இறங்கியது. நடந்து வருகிறவர்களுக்கு நான் பார்க்கிங் கணக்குப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன்.  அவர் பேப்பரை மடித்து என் பக்கம் நகர்த்தினார்.

“கையெழுத்துப் போட முடியாது. ஆனா சட்டத்தை மீறவும் மாட்டேன். நீங்க நிறுத்தச் சொன்னீங்க, நிறுத்திட்டேன். எனக்கு இன்னும் கொஞ்ச வாரம்தான் இருக்கு. அதை மட்டும் பாத்துக்குங்க.”

கொஞ்ச வாரம் என்றால் எத்தனை என்று நான் கேட்கவில்லை. என் அவமானத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவதிலேயே குறியாக இருந்தேன்.

அந்த வாரக் கடைசி முதல் சனிக்கிழமை. சாயங்காலம் எங்கள் வீட்டில் பஜனை. வாசலில் நாற்பது ஜோடி செருப்பு, தெருவில் இருபது காருக்குக் குறையாது. பஜனை முடிந்து எல்லாரும் பேப்பர் பிளேட்டில் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சிவராமன் என்னைக் கராஜுக்குப் பக்கத்தில் ஒதுக்கினார்.

“என்ன சார், அந்த ப்ரேயர் கேஸை க்ளோஸ் பண்ணிட்டீங்களா?”

“உங்க வீட்டு முன்னாடி சனிக்கிழமை நிக்கற காரெல்லாம் யாருதுங்க?”

“அது காயத்ரியோட பாட்டு க்ளாஸ் சார். அதை எதுக்குக் கேக்கறீங்க?”

“நீங்க புகார் கொடுத்ததே அந்தக் காரைப் பத்தித்தான்.”

அவர் ஒரு வாய் கேசரியை மென்று விழுங்கினார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். “சார், நமக்குள்ள பேசிக்குவோம். காரை விடுங்க. நாளைக்கு என்ன ஆகும்னு பாருங்க. இன்னைக்கு ஒரு வீடு, அப்புறம் பக்கத்து வீடு, அப்புறம் தெருவே அவங்க கைக்குப் போயிடும். வீட்டு வேல்யூ என்ன ஆறது? நாம என்ன அவங்களுக்கு எதிரியா? அவங்க ஏரியால அவங்க இருக்கட்டும்னுதான் சொல்றேன்.”

எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. நான் பர்மிட் கவுண்டரில் உட்கார்ந்த புதிதில் ஒரு அம்மாள் வந்து, பக்கத்து இந்தியர் வீட்டு வாசலில் பதினெட்டு ஜோடி செருப்பு கிடக்கிறது, வீட்டை லாட்ஜாக நடத்துகிறார்கள், இப்படியே விட்டால் தெருவே அவர்கள் கைக்குப் போய்விடும் என்று எழுதிக் கொடுத்தார். போய்ப் பார்த்தால், குழந்தைக்குப் பெயர் வைக்கிற விழா. இதை சிவராமனிடம் சொன்னேன்.

“அதுவும் இதுவும் ஒண்ணா சார்?”

“ஒரே வார்த்தைங்க. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உக்காந்து ரெண்டு தடவையும் கேட்டவன் நான்.”

“நம்ம ஆளுன்னு உங்ககிட்ட வந்தேன்” என்றார், மனம் விட்டுப்போன குரலில். பாவமாக இருந்தது. பாவம் பார்க்கிற கட்டம் தாண்டிவிட்டிருந்தது.

எல்லாரும் போன பிறகு வசந்தா பாத்திரங்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். திங்கட்கிழமை என்ன செய்யப் போகிறேன் என்பதையும் சொன்னேன். பத்துப் பேர் கூடிப் பிரார்த்தனை செய்தால் அது வழிபாட்டிடம் என்றால், நாற்பது பேர் கூடும் நம் வீடு என்ன? சிவராமன் வீட்டு பேஸ்மென்ட் பள்ளிக்கூடமா? மூன்று வீட்டுக்கும் நோட்டீஸ் எழுதி அட்மினிஸ்ட்ரேட்டர் மேசையில் வைக்கப் போகிறேன், நம் வீட்டையும் சேர்த்து.

வேலை போனால் என்ன செய்வது, மகனின் காலேஜ் இன்னும் முடியவில்லை என்று ஆரம்பிப்பாள் என எதிர்பார்த்தேன். கேசரிப் பாத்திரத்தைத் துடைத்துக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்: “எழுதுங்க. ஆனா உங்க பேருக்கு எழுதாதீங்க, என் பேருக்கு எழுதுங்க. பஜனை வெக்கறது நானு.”

நிஜமாகவே அவள் பெயருக்குத்தான் எழுதினேன்.

திங்கட்கிழமை காலை அட்மினிஸ்ட்ரேட்டர், வக்கீல், நான். முதலில் என் பிழையைச் சொன்னேன். கார்கள் அவர்களுடையவை அல்ல, நான் விசாரிக்காமல் எழுதினேன், எட்டு என்ற எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை என்றேன். அட்மினிஸ்ட்ரேட்டர் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே இருந்தார்.

“சரி, ரிப்போர்ட்ல கார் எண்ணிக்கையை மட்டும் எடுத்துடு. மத்தபடி நோட்டீஸ் இருக்கட்டும். அறுபது கையெழுத்து இருக்கு நாச்.”

“அப்படின்னா இதையும் சேத்து அனுப்புங்க” என்று மூன்று பேப்பரையும் வைத்தேன். வக்கீல் முதல் பேப்பரைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், மூன்றாவதில் இருந்த முகவரியைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இது உன் வீடு.”

“ஆமாம். மாசாமாசம் நாப்பது பேர் சாமி கும்பிடறாங்க. அத்தனை பேரும் கார்ல வர்றாங்க. இவ்வளவு வருஷத்துல ஒருத்தரும் எங்களுக்கு நோட்டீஸ் கொடுக்கல. விதின்னா மூணு வீட்டுக்கும் விதி. இல்லன்னா மூணு வீட்டுக்கும் வேண்டாம். அவருக்கு மட்டும்னு என் கையால இனிமே ஒரு வரி எழுத மாட்டேன். வேற ஆளை வெச்சு எழுதிக்குங்க.”

இப்படிப் பேச நான் பெரிய வீரன் ஒன்றும் அல்ல.  அட்மினிஸ்ட்ரேட்டர், இது மிரட்டலா என்று கேட்டார். இல்லை, இது என் வேலை, நான் அரைகுறையாகச் செய்ததை முழுசாகச் செய்கிறேன் என்றேன். வக்கீல்தான் முதலில் இறங்கி வந்தார். ஒரே மாதிரி மூன்று வீடு இருக்கும்போது ஒன்றை மட்டும் பிடித்தோம் என்று டவுன்ஷிப் ஆபீசரே எழுதிவைத்த காகிதம் கோர்ட்டுக்குப் போனால் நாம் எழுந்து நிற்கக்கூட முடியாது என்று அட்மினிஸ்ட்ரேட்டரிடம் சொன்னார். நோட்டீசைத் திரும்பப் பெறலாம் என்று முடிவானது. ஆனால் முதலில் தெருக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு, பிறகு வக்கீல் வார்த்தை திருத்திய கடிதமாகக் கொடுக்கலாம், அதுவரை பெர்க்மனிடம் யாரும் பேசக் கூடாது என்றார்கள்.

ஜெயித்த மிதப்பில் அந்தக் கடைசி நிபந்தனைக்கு நான் தலையாட்டினேன்.

தெருக்காரர்கள் கூட்டம் இரண்டு வாரம் கழித்து நடந்தது. ஹாலில் நாற்காலி போதவில்லை. நான் மைக்குக்கு முன்னால் நின்று, “என் ரிப்போர்ட் தவறு. அந்தக் கார்கள் பிரார்த்தனைக்கு வந்தவர்களுடையவை அல்ல. அவர்கள் நடந்து வந்தார்கள்” என்று சொன்னதும் சலசலப்பு எழுந்தது. ஒரு பெண்மணி எழுந்து, அப்படியானால் கார்கள் யாருடையவை, அதைச் சொல் என்று கேட்டார். மூன்றாவது வரிசையில் சிவராமனும் காயத்ரியும் உட்கார்ந்திருந்தார்கள். காயத்ரி தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கூட்டம் அப்படியே அவர்கள் பக்கம் திரும்பியிருக்கும். உள்ளுக்குள் ஒருவன் சொல் சொல் என்றான்.

“வேறொரு வீட்டில் குழந்தைகள் பாட்டுக் கற்றுக்கொள்ள வருகிறார்கள். அதுவும் தவறில்லை. வீட்டு எண்ணை நான் சொல்லப்போவதில்லை” என்றேன்.

“நீ யார் பக்கம்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“மக்கள் தங்கள் வீட்டில் சாமி கும்பிடலாம் என்கிற பக்கம். பிடிக்காவிட்டால் என்னை மாற்றச் சொல்லி இன்னொரு மனு எழுதுங்கள்.”

எழுதினார்கள். அது கவுன்சில்வரை போய்த் தூங்கிவிட்டது. சிவராமன் அதற்கப்புறம் எங்கள் பஜனைக்கு வரவில்லை, கூடவே நாலைந்து குடும்பமும் நின்றுபோனது. குரல் இல்லாத எங்களைப் போன்றவர்கள் சேர்ந்து கத்தினோம். கேட்கச் சகிக்காது, ஆனாலும் நிறுத்தவில்லை. எனக்கு அதில் துளி வருத்தமும் கிடையாது.

வக்கீலின் கடிதம் வார்த்தை வார்த்தையாகத் திருந்தி வருவதற்கு இன்னும் இரண்டு வாரம் ஆனது. கையில் கிடைத்த அன்றே, ஒரு வியாழக்கிழமை, தபாலில் போடாமல் நானே எடுத்துக்கொண்டு பெர்க்மன் வீட்டுக்குப் போனேன். நோட்டீஸ் ரத்து, எந்த வரம்பும் இல்லை, டவுன்ஷிப் வருத்தம் தெரிவிக்கிறது. வருத்தம் என்ற சொல்லுக்காக நான் வக்கீலிடம் மூன்று தடவை சண்டை போட்டிருந்தேன். அந்தப் பெருமையோடுதான் சோபாவில் உட்கார்ந்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை முழுக்கப் படித்தார். தேதியைப் பார்த்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க. நன்றி” என்றார். “பதினொரு மாசம் திங்கக்கிழமையோட முடிஞ்சது.”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவர் கையில் இருந்த கடிதத்தின் தேதியைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

“அப்ப இனிமே இங்க கூட்டம் இருக்காதா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“ஏன் இருக்காது? எனக்காக நடந்து வந்தாங்களே, அவங்கள்ல ஒருத்தருக்கு அப்பா தவறிட்டார். என்னால அங்க போக முடியாது. அதனால எல்லாரும் இங்கயே வர்றாங்க. நான் பத்தாவது ஆளா உக்கார வேண்டாமா?”

“மன்னிச்சுக்குங்க” என்றேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத்தான் வசதியாக இருந்திருக்கும். கடிதத்தை உறைக்குள் திருப்பிவைத்தார்.

“உங்களுக்கு இந்த விஷயமெல்லாம் தெரியும், அதான் கேக்கறேன். ஏழு சனிக்கிழமை என் அம்மாவுக்கு நான் அதைச் சொல்லல. அதுக்கு எங்க அப்பீல் பண்ணணும்?”

கிண்டலாகக் கேட்கவில்லை. கோபமும் இல்லை. கவுண்டருக்கு வந்து எந்த ஜன்னல் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். எந்த முடிவுக்கு எந்த போர்டில் அப்பீல், எந்த ஃபார்ம், யாரிடம் கொடுப்பது என்று அத்தனையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவன் நான். எழுந்து நின்றேன், என் கோட்டு பட்டனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்று நோட்டீஸ் கதையை நம் ஆட்கள் கூடுகிற இடங்களில் என்னைச் சொல்லச் சொல்லிக் கைதட்டுகிறார்கள். உங்களில் சிலரும் அதைக் கேட்டுவிட்டுத்தான் என்னைப் பார்க்க வந்தீர்கள். தட்டுங்கள், அதிகாரத்தின் முன்னால் அப்படி நிற்கத்தான் வேண்டும், இனியும் ஒரு சந்தர்ப்பம் வந்தால் அப்படித்தான் நிற்பேன். ஆனால் கார்கள் யாருடையவை என்று எனக்குத் தெரிந்தது கூட்டம் நின்றுபோன இரண்டாவது சனிக்கிழமை. அன்றைக்கே எதிர் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவர் இழந்தது இரண்டோடு முடிந்திருக்கும். புகார் சிவராமன் கொடுத்தது, மனு தெரு கொடுத்தது, தாமதம் வக்கீல் செய்தது என்று நானும் எனக்கே பலவிதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்த நோட்டீசின் அடியில் இருக்கிற கையெழுத்து என்னுடையது.